ஆவி அண்ணன் லீவு போட்டார்

அந்த மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் அவரை எல்லாரும் ஆவி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பேய், பிசாசு என்று யாரும் பயந்துவிட வேண்டாம். ஆள் நல்ல திரண்ட உடம்பு, சிரித்தால் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பிக்கொள்ளும். லென்ஸ் அரைத்து, பிரேமில் பொருத்தி, திருகு முடுக்கி, எல்லாம் முடிந்தபின் கண்ணாடி கடைசியாக அவர் மேஜைக்கு வரும். குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கீறல் இருக்கிறதா, லென்ஸ் சாய்ந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு வாயருகே கொண்டுபோய் "ஹா" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு ஊது. லென்ஸ் முழுக்க ஆவி படியும். மெல்லிய துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்து, "ம், போகலாம்" என்று பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த "ஹா" சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

பக்கத்து மேஜை பேக்கிங் அக்காவுடையது. அவர் கண்ணாடியின் காதுகளை விரித்து மேஜைமேல் வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பார். அப்புறம் தன் மூக்கிலேயே ஒரு தரம் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவார். எதிர் மூலையில் லென்ஸ் அரைக்கும் மெஷின். அதை ஓட்டுகிறவருக்குப் பட்டப்பெயர் சத்தம். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசிப் பழகியதில், வீட்டில் மனைவி காதில் ரகசியம் சொன்னாலும் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளியம்மா. இன்னும் நாலைந்து பேர். ஒரே நீள அறை, குளிர்காலம் முழுக்க இறுக்கச் சாத்திய ஜன்னல்கள்.

ஆவி அண்ணனுக்கு வாழ்க்கையில் ஒரு பெருமை உண்டு. அவர் லீவே போட்டதில்லை. மழையோ குளிரோ, பஸ் ஓடாத நாளோ, ஆள் நேரத்துக்கு ஆஜர். வருஷக் கடைசியில் பட்டறையில் கேக் வெட்டுவார்கள். அன்றைக்கு, அந்த வருஷம் ஒருநாள்கூட லீவு எடுக்காதவருக்கு முதலாளியம்மா ஒரு கோப்பை கொடுப்பார். போட்டி ஆரம்பித்த நாளிலிருந்து அது ஆவி அண்ணன் வீட்டைத் தவிர வேறு வீட்டுக்குப் போனதில்லை. ஷோகேசில் இடம் தீர்ந்து, சமீபத்துக் கோப்பைகள் பிரிட்ஜ் மேலே ஏறிவிட்டன. ஒன்றில் அவர் மனைவி கரண்டிகளைப் போட்டு வைத்திருந்தாள். அவர் அதைப் பார்க்கும்போதெல்லாம் கரண்டிகளை எடுத்து வெளியே வைப்பார். அவள் மறுபடி உள்ளே போடுவாள்.

அவள் மழலையர் பள்ளியில் டீச்சர். கோப்பையைக் கேலி செய்தாலும் அளவோடுதான் செய்வாள். காரணம் அவளுக்குத் தெரியும். ஆவி அண்ணன் பள்ளிக்கூட நாட்களில் ஓட்டப்பந்தயத்தில் கடைசி, பாட்டுப் போட்டியில் ஆரம்பச் சுற்றோடு சரி, படிப்பில் கேட்கவே வேண்டாம். அடுத்தவன் பரிசு வாங்கும்போது கைதட்டியே வளர்ந்த மனுஷன். முதல் கோப்பையை வாங்கி வந்த அன்று பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அது எதற்குக் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தது. முதலாளியம்மா கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸை வரவழைத்து, வேண்டியவர்கள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்றார். பாதிப் பேர் போட்டுக்கொண்டார்கள். மீதிப் பேர் "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்கள்.

"எனக்கு எதுக்கும்மா ஊசி? கிருமி என்னைப் பார்த்தா தெரு மாறிப் போயிடும்" என்றார் ஆவி அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். உண்மையில் அவருக்கு ஊசி என்றால் உயிர் போகும். நர்ஸ் பெட்டியைத் திறந்தபோதே அவர் படியிறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்.

கேக் வெட்டும் வாரம் வந்தது. திங்கட்கிழமை காலை கண் விழித்தபோது தொண்டைக்குள் யாரோ உப்புத்தாளைத் தேய்த்த மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக வலித்தது. பல் தேய்க்கும்போது குளிர் நடுக்கிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதுவும் நடக்காதவர் போல விசில் அடிக்கப் பார்த்தார். விசில் வரவில்லை, காற்றுதான் வந்தது.

மனைவி நெற்றியில் கையை வைத்தாள். "என்னங்க, கொதிக்குது!"

"வெந்நீர்ல முகம் கழுவினேன்."

"எனக்கே கதை விடுறீங்களா? நாள் முழுக்க முப்பது வாண்டுகளோட நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவ நான். பேசாம போய்ப் படுங்க. போன் பண்ணிச் சொல்லிடலாம்."

"வெள்ளிக்கிழமை கேக். இன்னைக்குப் படுத்தா இத்தனை நாள் போனதெல்லாம் வீண்."

"போனா அங்க இருக்கிறவங்களுக்கெல்லாம் ஒட்டும்."

"யாருக்கும் ஒட்டாது. நான் யாரையாவது கட்டிப் பிடிச்சுக்கிட்டா வேலை செய்யறேன்?"

வாதம் பலிக்காது என்று கண்டதும் அவள் வேறு வழியில் இறங்கினாள். அவர் சட்டை போட்டு வெளியே வந்தபோது வாசலில் ஒரு ஷூதான் இருந்தது. இன்னொன்றைக் காணோம். கட்டிலுக்கடியில், கதவுக்குப் பின்னால், துணிக்கூடைக்குள் என்று தேடினார். அவள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு மும்முரமாக ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். ஆவி அண்ணன் சளைக்கவில்லை. குளிக்கப் போகும்போது போடும் நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

பட்டறையில் அன்று அவர் செய்தது வேலை பாதி, நடிப்பு பாதி. தும்மல் வரும்போது மெஷின் ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வார். ஓடினால் அந்த இரைச்சலுக்குள் தும்மிவிடலாம். ஓடாவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரக் காத்திருப்பார். மதியம் வரை சமாளித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெருந்தும்மல் வயிற்றிலிருந்தே கிளம்பியது. மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் தைரியமாக வாயைத் திறந்தார். சரியாக அந்த நொடியில் சத்தம் மெஷினை நிறுத்தினார்.

தும்மல் அறை முழுக்க எதிரொலித்தது. குழல்விளக்கு ஆடியது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். முதலாளியம்மா தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, சளியா?" என்றார் பேக்கிங் அக்கா.

"சளியா? எனக்கா? தூசி."

"தண்ணி ஊத்தி அரைக்கிற மெஷின்ல தூசி எங்கேருந்துண்ணே வரும்?" என்று கத்தினார் சத்தம். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வெளியிலேர்ந்து வந்த தூசி!"

"ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கே."

"அப்ப உள்ளேயே இருந்த தூசி. வேலையைப் பாருய்யா."

பேக்கிங் அக்கா தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் அவருக்கு ஒரு முக்கியமான காரியம் இருந்தது. வெளிநாட்டிலிருக்கும் மகன், அங்கேயே கல்யாணம் செய்துகொண்ட பெண்ணோடு முதல்தடவையாக ஊருக்கு வருகிறான். மருமகளை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். விமான நிலையத்துக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு புடவை எடுத்து வைத்து, அதைப் பற்றி மாதக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார். நாற்காலி ஒரு முழம் தள்ளினாலும் கண்ணாடி தள்ளவில்லை. ஆவி அண்ணன் "ஹா" என்று ஊதித் துடைத்துக் கொடுத்த ஒவ்வொன்றையும் அவர் வழக்கம்போல வாங்கித் தன் மூக்கில் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆவி அண்ணன் மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். காய்ச்சல் அவரை விட்டது. விட்ட காய்ச்சல் சும்மா போகவில்லை. முதலில் பிரேம் பொருத்துகிறவர் படுத்தார். அப்புறம் சத்தம் வந்தார், ஆனால் சத்தம் வரவில்லை. தொண்டை கட்டி, வாயைத் திறந்தால் பழைய கதவு திறக்கிற கீச்சொலிதான். சைகையில் பேசினார். அவர் சைகையும் பெரிதாகத்தான் இருந்தது, ஒரு டப்பா திருகைத் தட்டிக் கொட்டிவிட்டார். மத்தியானமே முதலாளியம்மா அவரை வீட்டுக்கு அனுப்பினார். பிறகு முதலாளியம்மாவின் மேஜைமேல் கைக்குட்டைகள் பெருகின. பேக்கிங் அக்கா வியாழக்கிழமை வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆவி அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, ஷேவ் செய்து, ஷூவும் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார். ஷூவின் ஜோடியை மனைவி தானாகவே வாசலில் வைத்துவிட்டிருந்தாள். அவளுக்கு ஒளித்து வைக்கத் தெம்பில்லை. முந்தின ராத்திரியிலிருந்து போர்வைக்குள் கிடந்தாள். "போய் உங்க கப்பை வாங்கிட்டு வாங்க" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னாள். அதில் கோபம் இருந்ததா, களைப்பா என்று அவருக்குப் புரியவில்லை.

பட்டறையில் ஒரு ஈ காக்கா இல்லை. கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். முந்தின நாள் யாரோ பாதி ஊதி விட்டுப் போன பலூன்கள் ஒரு மூலையில் சுருங்கிக் கிடந்தன. போன் அடித்தது. முதலாளியம்மா.

"அண்ணே..." குரல் அடையாளமே தெரியவில்லை. "நான் வரலை. யாரும் வரலைன்னு நினைக்கிறேன். கப்பு என் மேஜை மேல இருக்கு. நீங்களே எடுத்துக்கங்க." ஒரு நீளமான இருமல். "வாழ்த்துகள்."

ஆவி அண்ணன் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். மூக்குத் துடைத்த தாள்கள் நிரம்பிய குப்பைக்கூடைக்குப் பக்கத்தில், பளபளவென்று கோப்பை. எடுத்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். கைதட்ட ஒரு ஆள் இல்லாத இடத்தில் கோப்பையை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒருதரம் தூக்கிப் பார்த்தார். அபத்தமாக இருந்தது, இறக்கிவிட்டார்.

அப்போது பார்சல் எடுக்கிற பையன் படியேறி வந்தான். பையன் என்றால் சும்மா, மீசை நரைத்தவர். வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க" என்றார் ஆவி அண்ணன், ஆளைக் கண்ட சந்தோஷத்தில்.

"வேணாம் சார். இந்த மாடியில காய்ச்சல்னு கீழ கடையிலேயே சொல்லிட்டாங்க. பார்சல் இருந்தா தரையில தள்ளி விடுங்க." அவர் பார்வை கோப்பைமேல் விழுந்தது. "எதுக்கு சார் கப்பு?"

"லீவு போடாததுக்கு."

பார்சல்காரர் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். "ஓ" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

அந்த "ஓ" ஆவி அண்ணனை என்னவோ செய்தது.

போன் ஓயாமல் அடித்தது. ஒரு பஸ் டிரைவருக்கு அன்றே கண்ணாடி வேண்டும், அது இல்லாமல் வண்டி எடுக்க விடமாட்டார்கள். ஒரு தையல்காரம்மா ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஆவி அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தார். எத்தனையோ காலம் எதிரில் உட்கார்ந்து பார்த்த மெஷின்தானே என்ற நம்பிக்கை. முதல் லென்ஸின் ஓரம் பெயர்ந்தது. இரண்டாவது பிரேமைவிடச் சின்னதாகப் போய், உள்ளே போட்டதும் தொப்பென்று மறுபக்கம் விழுந்தது. மூன்றாவதை அவர் எடுக்கவே இல்லை. சத்தம் இந்த மூலையில் உட்கார்ந்து எந்நேரமும் கத்திக்கொண்டே, ஒரு லென்ஸைக்கூடக் கெடுத்து அவர் பார்த்ததில்லை. அது இப்போதுதான் உறைத்தது.

தோல்வியோடு தன் நாற்காலிக்கு வந்து பேக்கிங் அக்காவுக்குப் போன் செய்தார். எதையாவது கேட்கலாம் என்றுதான். எதைக் கேட்பதென்று யோசிக்கவில்லை.

"சொல்லுங்கண்ணே." மூக்கடைத்த குரல்.

"எப்படிம்மா இருக்கு?"

"இருக்கேன். எழுந்து நின்னா சுவர் சுத்துது. நாளைக்கு ஏர்போர்ட்டுக்குப் போக முடியாது. ரெண்டு பேரும் டாக்ஸி பிடிச்சு வந்துக்கறோம்னு சொல்லிட்டாங்க."

ஆவி அண்ணன் மேஜைமேல் கிடந்த துணியை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க, கேட்கிறேன். அன்னைக்கு அது தூசி இல்லைதானே?"

"இல்லைம்மா."

"ம்."

"காலையிலேயே காய்ச்சல். வீட்டுல சொன்னா. ஷூவைக்கூட ஒளிச்சு வச்சா. நான் செருப்பைப் போட்டுட்டு வந்தேன்."

மறுமுனையில் கொஞ்சநேரம் மூச்சுச் சத்தம். அழுகிறாரோ என்று ஆவி அண்ணன் நடுங்கினார். அழுகை இல்லை. "அதான் அந்த நீலச் செருப்பா?" என்று கேட்டுவிட்டு பேக்கிங் அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அடங்கியதும் குரல் மாறியிருந்தது. "முதல் முதலா வர்ற பொண்ணுண்ணே. வாசல்ல யாராவது நம்ம ஆளு நின்னா நல்லா இருக்கும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்."

ஆவி அண்ணன் வீட்டுக்குப் போனார். கோப்பையை மேஜையிலேயே விட்டுவிட்டார். போகும் வழியில் ஆரஞ்சும் கோழியும் காய்கறியும் வாங்கினார். மனைவியின் கட்டிலருகே ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தார், வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார், நெற்றியில் ஈரத்துணி போட்டார். ஒரு பெரிய பாத்திரத்தில் சூப் வைத்தார். அது கொதிக்கும்போது அடுப்படியில் நின்றபடியே நடந்ததை எல்லாம் சொன்னார். ஏர்போர்ட் விஷயத்தைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் அவள்.

"நான் போய்க் கூட்டிட்டு வரலாமான்னு யோசிக்கிறேன். என்கிட்டேர்ந்து இன்னும் ஒட்டுமா?"

ஒட்டுமா என்று அவர் கேட்டது அதுதான் முதல்தடவை. அவள் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். "காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"

"புதன்கிழமை."

"மாத்திரை போடாமலே விட்டதா? இருமல்?"

"இல்லை. ரெண்டுமே சுத்தமா இல்லை."

"அப்ப போங்க. மாஸ்க் போட்டுக்கங்க. பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கிக்கங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க. அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக் குலுக்காதீங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, விரலுக்கு நடுவுலயும். என் க்ளாஸ் வாண்டுங்க கழுவுற மாதிரி, ஒரு பாட்டு முழுசாப் பாடி முடியற வரைக்கும்."

"என்ன பாட்டு?"

"எதுவா இருந்தா என்ன, மெதுவாப் பாடுங்க."

முதலில் சூப்பை விநியோகித்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு டப்பாவை வைத்து, மணியை அடித்துவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்றுகொள்வார். சத்தம் கதவைத் திறந்து, டப்பாவைப் பார்த்து, அவரைப் பார்த்து, என்னவோ கீச்சென்று சொன்னார். கேட்கவில்லை. கையை ஓங்கி மிரட்டினார், பிறகு டப்பாவின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். முதலாளியம்மா மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினார். "உப்பு போட்டீங்களா?" என்று கேட்டார். ஆவி அண்ணன் போடவில்லை. அன்றைக்கு எல்லாரும் உப்பில்லாத சூப்தான் குடித்தார்கள். காய்ச்சல் வாய்க்குத் தெரியவில்லை என்பது அவர் அதிர்ஷ்டம்.

மறுநாள் காலை விமான நிலையத்தில், கூட்டத்துக்கு நடுவில், மாஸ்க் போட்ட ஒரு குண்டு மனிதர் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெயர் எழுதினால் எல்லாரையும் போல ஆகிவிடும் என்று யோசித்து, "மருமகளே வருக, அத்தைக்குக் காய்ச்சல்" என்று எழுதியிருந்தார். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்த மகன் அதைப் படித்துவிட்டு நின்ற இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்தான். அந்தப் பெண் அட்டையைப் படித்தாள், பின்னால் இருந்த மனிதரை எட்டிப் பார்த்தாள்.

"நீங்க..."

"அந்தக் காய்ச்சலைக் கொடுத்தவன்மா" என்றார் ஆவி அண்ணன்.

கார் வீடு சேரும்வரை ஜன்னல்கள் திறந்தே இருந்தன. குளிர்காற்றில் மூவரும் நடுங்கிக்கொண்டே போனார்கள். தும்மல் கதையையும் நீலச் செருப்புக் கதையையும் அந்தப் பெண் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பேக்கிங் அக்கா எடுத்து வைத்திருந்த அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, மூக்கு சிவக்க, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் வேலிப் படலுக்கு வெளியே நின்றாள். இரண்டு பேரும் அந்தத் தூரத்திலிருந்தே ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"போன்ல பார்த்ததைவிட உயரமா இருக்கே" என்றார் அக்கா.

"போன்ல நீங்க இவ்வளவு சிவப்பு மூக்கா இல்லையே அத்தை" என்றாள் அவள்.

அக்கா சிரித்ததைப் பார்த்துவிட்டு ஆவி அண்ணன் காரைத் திருப்பினார்.

அடுத்த வாரம் எல்லாரும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பலூன்களை எறிந்துவிட்டுப் புது கேக் வாங்கினார்கள். முதலாளியம்மா கோப்பையைத் தூக்கினார். ஆவி அண்ணன் எழுந்து நின்றார்.

"அம்மா, அது எனக்கு வேணாம். யாருக்கும் வேணாம். இது இருக்கிற வரைக்கும் யாராவது ஒருத்தன் காய்ச்சலோட வந்து உட்காருவான். இத்தனை வருஷமா அது நான்தான்."

முதலாளியம்மா கோப்பையைக் கீழே வைத்தார். சற்று யோசித்தார். "உடம்பு சரியில்லாம எடுக்கிற லீவுக்கு இனிமே சம்பளம் பிடிக்க மாட்டேன்" என்றார். "முதல்லேயே செஞ்சிருக்கணும்."

"அப்ப கப்பு?" என்று கேட்டார் சத்தம். குரல் முழுதாகத் திரும்பியிருந்தது. தெருவில் போனவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள்.

முதலாளியம்மா அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். எல்லாரும் கேக்கைச் சாப்பிட்டார்கள்.

ஜன்னல்கள் அன்றிலிருந்து ஒரு சாண் திறந்தே இருந்தன. ஆவி அண்ணன் மேஜைக்கு ஒரு சின்னத் தெளிப்பான் வந்தது. ஊதுவதற்குப் பதில் இரண்டு தரம் தெளித்துத் துடைத்தார். அந்த "ஹா" இல்லாமல் வேலை ஓடவில்லை என்று எல்லாரும் புகார் செய்ததால், லென்ஸைத் தள்ளி வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிச் சும்மா ஒரு "ஹா" சொல்லிவிட்டுத் தெளித்தார். அடுத்த குளிர்காலத்துக்கு முன் நர்ஸ் வந்தபோது வரிசையில் முதல் ஆளாக நின்றார். ஊசியைக் கண்டதும் முகம் வெளிறி, பேக்கிங் அக்காவின் கையை நொறுங்கப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சுதா?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். "இன்னும் பஞ்சுதான் வச்சிருக்கேன்" என்றாள் நர்ஸ்.

ஊசி போட்டும் அந்த வருஷம் ஒரு நாள் தொண்டை கரகரத்தது. லேசான காய்ச்சல்தான். பழைய ஆளாக இருந்தால் துணிந்து கிளம்பியிருப்பார். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தார். வாயிலிருந்து வராத ஒரு வார்த்தையை வரவழைப்பது லேசான காரியமில்லை.

"அம்மா, இன்னைக்கு நான் லீவு."

"யார் பேசறது?" என்றார் முதலாளியம்மா.

அன்றைக்குத்தான் தன் வீட்டு மத்தியானம் எப்படி இருக்கும் என்று ஆவி அண்ணன் பார்த்தார். கட்டிலின் கால்பக்கம் வெயில் வந்து விழுந்தது. மெல்ல மெல்ல முழங்கால்வரை ஏறிற்று. மாடி வீட்டில் யாரோ ஒரே பாட்டின் முதல் இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள். பள்ளி விட்டு வந்த மனைவி ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்தாள். வெயிலும் போர்வையும் ஆரஞ்சு வாசனையுமாக, இத்தனை வருஷம் இதெல்லாம் தனக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியம்.

போன் அடித்தது. சத்தம்தான். போனைக் காதில் வைக்கவே தேவையில்லை.

"அண்ணே! அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவரை எங்க வச்சீங்க?"

ஆவி அண்ணன் கையை நீட்டினார். மனைவி முந்திக்கொண்டாள். "அவர் தூங்கறார் தம்பி" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.